ஒரு முகத்துக்கு எத்தனை வாட்

என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. அவள் போனபோது எனக்கு இரண்டரை வயது. வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால் என் பிழைப்பே முகங்கள்தான். திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கிற கல்யாணப் படங்களை நான் வீட்டில் உட்கார்ந்து ஆல்பமாக்கித் தருகிறேன். யார் யார் வீட்டு முகங்களிலோ பருவை எடுத்து, கருவளையத்தைத் துடைத்து, கேட்காமலேயே கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புவேன். திருத்தணி மலைமேல் முகூர்த்தம் அதிகமுள்ள மாதங்களில் கனவில்கூட மணப்பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

நானும் நைனாவும்தான் வீட்டில். நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவர் அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி அவர் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. சென்னையில் டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண் முடிந்தது, இடது கண் இருக்கிறவரைக்கும் இருக்கும், மாதக் கணக்காகவும் இருக்கலாம், வாரக் கணக்காகவும் இருக்கலாம் என்றார். அன்றைக்குத் திரும்பி வரும் ரயிலில், திருவாலங்காடு தாண்டியதும், நைனா நான் அதுவரை கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார்.

அம்மாவுக்குப் படம் இருந்திருக்கிறது. மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டு கீழே இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு பேரும் நின்று எடுத்த ஒரே படம். அம்மா இரண்டாவது பிரசவத்தில் போனாள், அந்தப் பிள்ளையும் போனது. பூவும் பொட்டுமாகப் போனவள், படம் வீட்டில் இருந்தால் மிச்சம் இருக்கிற பிள்ளையைத் தேடி வருவாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நைனா அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய் அவள் நெஞ்சின்மேல் வைத்துவிட்டார்.

“நீ அப்ப ராவும் பகலும் அழுதுகினே இருந்த. வந்து உன்ன கூட்டினு போயிடுவாளோன்னு பயந்துட்டேன். நான்தான் அவளப் போகச் சொன்னேன்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “கண்ணு போறதுக்குள்ள ஒரு வாட்டி பாக்கணும்மா” என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் முகத்தில் அம்மா எது என்று தெரியாமல் முப்பது வருஷமாக நான் பயந்த கண்ணாடி, அம்மா எப்படி இருப்பாள் என்று நான் கேட்டுச் சலித்த கேள்வி, எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கேட்டது எனக்கும் வேண்டியதுதான். இவர் கண்ணும் போய்விட்டால், ஒரு முகத்தைக் காட்டி இது அவள்தானா என்று கேட்க எனக்கு உலகத்தில் ஆளே இல்லை. மற்ற பெரியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெரியப்பா மகளிடம் அவள் கல்யாணத்தின் வீடியோ கேசட் இருந்தது. அக்கா அதைப் பட்டுப்புடவை அட்டைப்பெட்டியில் சுற்றி வைத்திருந்தாள். “சித்தி மொகம் எனக்கே மறந்துபோச்சு. பச்சப் பொடவ கட்டிகினு தாம்பாளத்தோட போகும் பாரு” என்று சொல்லிக் கொடுத்தாள். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்தக் காலத்தில் வீடியோ எடுப்பவனோடு ஒருவன் பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவான், அந்த வெளிச்சம் பட்டதும் பெண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பச்சைப் புடவை, கையில் தாம்பாளம், நான்கே விநாடி. முதலில் முதுகு. பிறகு காது, ஜிமிக்கி. பிறகு அவள் கேமரா பக்கம் திரும்புகிறாள். திரும்பிய முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பூச்சு.

நைனாவைக் கூப்பிட்டேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தெளிவாக வந்த பிறகு காட்டு, இப்படி மங்கலாகப் பார்த்தால் அதுவே கண்ணில் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை.

பழைய வீடியோவைத் தெளிவாக்குகிற மென்பொருள் ஒன்று எங்கள் தொழிலில் இப்போது புழங்குகிறது. அது இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும். ஒன்று, படத்தைத் துலக்கிப் பெரிதாக்குவது. இன்னொன்று, முகம் தென்பட்டால் அந்த முகத்தைத் தனியாக எடுத்துக் கட்டுவது. நல்ல தரத்தில் வைத்தால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டு முழுசாக வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. அதே மாதிரி இன்னொன்றைப் பழசாக வாங்கினேன். இரண்டு வேலையையும் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வழி இருந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கார்டுக்கும் தாங்குகிற மாதிரி எஸ்எம்பிஎஸ் வேண்டும். வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்து வாங்குவார்கள், இதை மட்டும் ஏதோ ஒன்று என்று விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார்டு ஒவ்வொன்றும் இருநூற்றிருபது வாட். இரண்டுக்கும் நானூற்று நாற்பது. மற்றதுக்கெல்லாம் ஒரு நூறு. ஐந்நூற்றைம்பது வாட் போட்டது வாங்கினால் பத்து வாட் மிச்சம். கால் படி அரிசியில் நான்கு பேருக்குச் சமைக்கிற சிக்கனம்.

எங்கள் தெருவில் மின்சாரச் சாமான் வாங்கும் முறை ஒன்று உண்டு, கையில் தூக்கிப் பார்ப்பது. ஸ்டெபிலைசரோ மிக்சியோ, கனமாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பி அதிகம், ஏமாற்றவில்லை என்று அர்த்தம். நைனா அப்படித்தான் வாங்குவார், நானும் அப்படித்தான். கடையில் ஐந்நூற்றைம்பது போட்ட பெட்டிகள் மூன்று இருந்தன. மூன்றையும் தூக்கிப் பார்த்து மிகக் கனமானதை எடுத்துக்கொண்டு வந்தேன். கடைக்காரர் என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துச் சிரித்தார். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியம் பச்சைப் புடவை இருக்கிற இடத்தை மட்டும் வெட்டியெடுத்து மென்பொருளில் போட்டேன். திரையில் ஒவ்வொரு படமாகத் துலங்கி வந்தது. முதுகில் ரவிக்கையின் தையல் தெரிந்தது. பின்னலில் வைத்திருந்த கனகாம்பரம் தெரிந்தது. காது வந்தது, ஜிமிக்கி வந்தது, கன்னத்தின் ஓரம் வந்தது. டக்கென்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

கரண்டு போய்விட்டது என்று எழுந்தேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் செத்துக் கிடந்தது, கறுத்த திரையில் என் முகம் தெரிந்தது.

மறுபடி போட்டேன். முதுகு, பூ, காது, ஜிமிக்கி, கன்னத்தின் ஓரம். டக். மூன்றாவது தடவையும் அதே இடம். வேறு கல்யாண வீடியோவை, மென்பொருளை விட்டு, சாதாரணமாக ஓடவிட்டேன், சாயங்காலம் வரை ஓடியது. விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. அம்மாவைப் போட்டால் அந்த ஒரு படத்தில் அணைந்தது. நான்கு விநாடிக்கு நூறு படம், அதில் அந்த ஒரு படம், அவள் திரும்புகிற படம்.

நான் அப்படியொன்றும் பயப்படுகிறவள் இல்லை. எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறவர்களைக் கேலி செய்கிறவள். ஆனால் நான்காவது நாள், பட்டப்பகலில், பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று மெல்லிய அதிர்வு ஒன்று ஏறியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவை அணையும்போதும் அடுத்த அறைக் கட்டிலிலிருந்து நைனா கேட்பார்.

“வந்தாளா?”

இல்லை நைனா, கரண்டு போயிடுச்சு என்று சொல்வேன். அவர் தலைக்கு மேலும் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காற்று அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதைவிட மோசமாக ஒன்றைத் தொடங்கினார். அணைவதற்குச் சற்று முன்னால், எனக்குத் திரையில் கன்னத்தின் ஓரம் தெரிகிற நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, “இப்ப நிக்கும்” என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் டக். ஒருமுறை அல்ல, போட்ட ஒவ்வொரு முறையும். திரை அவர் பக்கமே இல்லை, இருந்தாலும் அவ்வளவு தூரத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் பொறுக்காமல் எழுந்து போய், எப்படித் தெரிகிறது என்று சத்தம் போட்டேன். அவர் சாதாரணமாக, உன் பெட்டியில் எப்போதும் ஒரு விசிறி சுற்றுகிறது, நிற்பதற்கு முன்னால் இன்னொன்று எழுந்துகொள்கிறது, காதில் கேட்கவில்லையா என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. மறுபடி ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதுகு வரைக்கும் ஒரே இரைச்சல். பிறகு அதன் அடியில் இன்னொரு இரைச்சல் மூச்சு இழுத்துக்கொண்டு எழுந்தது. டக்.

கரண்டு கொடுக்கிற பெட்டிமேல் சந்தேகம் வந்து, எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் அரக்கோணம் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பாய் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்று, பழுதும் பார்க்கிறார். என் வயதுதான் இருக்கும். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார், அதனாலேயே நம்பலாம் என்று எங்கள் தொழிலில் பெயர். நடந்ததைச் சொன்னேன். என்ன வீடியோ என்று மட்டும் சொல்லவில்லை. அவர் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கையில் ஒருமுறை எடை பார்த்தார். முகம் சுளித்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ஒரு மூலையில் உள்ளங்கையளவு இரும்புத் தகடு பசை போட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு கம்பியும் போகவில்லை.

“கனத்துக்கு வெச்சிகிறான்மா. எல்லாரும் தூக்கிப் பாத்துதான் வாங்குறீங்க, அவனுக்கும் தெரியும்” என்றார்.

அந்த இரும்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மூன்று பெட்டிகளில் தேடிப் பிடித்து எடுத்தேன். அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஆனால் ஒட்டியிருந்த காகிதத்தில் போட்டிருக்கிறபடியே ஐந்நூற்றைம்பது வாட் உண்மையாக இருந்திருந்தாலும் போதாது என்றார் பாய். அம்மையார்குப்பத்துப் பக்கம் விசைத்தறி மோட்டாரைப் போடும்போது ஒரு கணம் வீட்டு விளக்கு மங்குகிறதே, அதுதான் இது. ஓடும்போது குடிப்பது வேறு, கிளம்பும்போது குடிப்பது வேறு. கார்டு அட்டையில் போட்டிருப்பது ஓடும்போது குடிப்பது. கண் சிமிட்டும் நேரத்துக்கு அது இரண்டு பங்குகூட இழுக்கும். ஒரு கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கார்டு திடீரென்று எழுந்தால், எஸ்எம்பிஎஸ் தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அவர் இதைச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது கார்டு எதற்காக எழுகிறது என்று கேட்டார்.

“மொகம் வந்தா எழும்” என்றேன்.

பாய் பெட்டியை மூடித் திருகாணிகளை மாட்டத் தொடங்கினார்.

எனக்குத் தேவையானதை அவரே சொன்னார். ஆயிரம் வாட் போட்டது, தெரிந்த தயாரிப்பு. ஒரே ஒயரில் இரண்டு முனை பிரித்து இரண்டு கார்டுக்கும் மாட்டக் கூடாது, கார்டுக்குத் தனித்தனி ஒயர் பெட்டியிலிருந்தே வர வேண்டும். எவ்வளவு தேவையோ அவ்வளவே வாங்கினால் அது நாள் முழுக்க மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கும், தன் சக்தியில் பாதியோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ மட்டும் வேலை செய்தால்தான் சூடாகாமல் நிற்கும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் ஏறுகிறதா என்று கேட்டார். ஏறுகிறது என்றேன். வீட்டில் எர்த் இல்லை, முதலில் அதைப் போடுங்கள் என்றார். அப்போது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது, யாரோ என் தோளிலிருந்து இறங்கிப் போன மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து பெட்டி வர நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளில் எலக்ட்ரீஷியன் வந்து பின்பக்கம் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டார்.

அதே நான்கு நாளில் நைனாவுக்கு இடது கண்ணிலும் இரத்தம் கசிந்தது. காலையில் எழுந்து, என் கண்ணுக்கு முன்னால் யார் திரை கட்டியது என்று கேட்டார். மறுபடி சென்னை, மறுபடி ஊசி. கொஞ்சம் தெளியலாம் என்றார்கள். தெளிந்ததா என்று கேட்டால், ஆங், தெரியுது தெரியுது என்பார். சோற்றுத் தட்டைத் தடவித்தான் எடுத்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பெட்டி வந்தது. முன்னதைவிட இது கனம் குறைவு. தூக்கிப் பார்க்கிற கையை நானே அடித்துக்கொண்டேன். இரண்டு கார்டுக்கும் தனித்தனி ஒயர் மாட்டினேன். கேபினெட்டைத் தொட்டேன், ஒன்றும் ஏறவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். ஆடிக் கிருத்திகைக்குத் தெருவில் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள், மலைமேலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன்.

முதுகு. கனகாம்பரம். காது, ஜிமிக்கி. கன்னத்தின் ஓரம். அடியிலிருந்து இரண்டாவது விசிறி எழுந்தது. “இப்ப நிக்கும்” என்றார் நைனா சுவருக்கு அப்பால்.

நிற்கவில்லை.

வெள்ளைப் பூச்சுக்குள் முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு மூக்கு, இடப்பக்கம் சின்ன மூக்குத்தி. பிறகு வாய், ஏதோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னை நேராகப் பார்த்தாள். என்னைவிடச் சின்னவள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். நைனாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. அவர் மூச்சுப்பட்டுத் திரையில் ஆவி படிந்து படிந்து மறைந்தது.

“ஆங்” என்றார். “இவதான்.”

அன்று ராத்திரி பல வருஷம் கழித்து ஒழுங்காகத் தூங்கினேன்.

மறுநாள், சுவரில் மாட்டப் பெரிதாகப் பிரிண்ட் போடலாம் என்று, இன்னும் பெரிய அளவு வைத்து மறுபடி ஓடவிட்டேன். அதே முதுகு, அதே பூ, அதே ஜிமிக்கி. திரும்பினாள். வேறு ஒருத்தி.

தாடை அகலம். மூக்குத்தி இல்லை. புருவம் சேர்ந்திருந்தது. ஏதோ தவறு என்று இன்னொரு முறை ஓட்டினேன். மூன்றாவதாக ஒருத்தி திரும்பினாள், ஒடுங்கிய முகம், நாற்பது வயது. மறுபடி ஓட்டினேன், நான்காவது. ஒவ்வொருத்தியும் அதே படத்தில், அதே பச்சைப் புடவையில், அதே மாதிரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். யாரைக் கூப்பிட்டாலும் வருவதற்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே காத்திருந்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவரோடு போய் நின்றேன். வெளியே வெயில் அடித்தது, யாரோ ஏணியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே ஒயர் கட்டினார்கள். இருந்தும் எனக்கு அந்த அறையில் தனியாக இருக்க முடியவில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு எனக்கே புரிந்தது. தொழில் செய்கிறவள், எனக்கு முதலிலேயே புரிந்திருக்க வேண்டும். கேசட்டில் அந்த முகம் ஏழெட்டுப் புள்ளிதான். அதில் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. மென்பொருள் எங்கெங்கோ பார்த்த ஆயிரம் முகங்களிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தடவையும் பொருத்தமாக ஒன்றைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறது. ஆயிரம் வாட்டில் போதுமான மின்சாரம் கொடுத்தேன், அது போதுமான அளவுக்குக் கற்பனை செய்தது. ஆனால் முதல் முகத்தை நைனா அடையாளம் சொன்னாரே. தற்செயலாகவாவது முதல் தடவை சரியாக வந்திருக்கக் கூடாதா? அந்த ஆசை என்னை விடவில்லை.

அதனால் ஒரு கெட்ட காரியம் செய்தேன். அகலத் தாடைக்காரியைத் திரையில் வைத்து, நேற்றைய படத்தை இன்னும் நன்றாகச் செய்திருக்கிறேன், பாருங்கள் என்று நைனாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து அதேபோல் குனிந்து பார்த்தார். திரையின் மேல் ஒரு விரலை வைத்தார்.

“ஆங். நேத்துக்கு இன்னிக்கி நல்லா தெளிவா கீறா” என்றார்.

இது வேறு முகம் நைனா, நேற்றுக் காட்டியது வேறு, எது அம்மா, சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கத்தினேன். வயசான மனிதரிடம் கத்துகிற கத்தலா அது. அவர் திரையிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு மொகமும் எனக்குத் தெரியலம்மா. வெளிச்சம் தெரியுது. நடுவுல ஏதோ ஒரு நெழலு. நீ இத்தினி நாளா கஷ்டப்பட்டுகினு இருந்த, இல்லன்னு சொல்ல மனசு வரல.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. நாங்கள் தாமதித்துவிட்டோம், அவ்வளவுதான். அந்த இரும்புத் தகட்டை நான் தூக்கிப் பார்த்து மகிழ்ந்த நாளில் அவருக்கு இன்னும் கண் இருந்தது. ஒருவேளை நல்ல பெட்டியாக வாங்கியிருந்தாலும் வந்திருப்பது எவளோ ஒருத்தியின் முகம்தான். ஆனால் இல்லை என்று சொல்லவாவது அவரால் முடிந்திருக்கும்.

அவர்தான் பழைய கேசட்டையே போடச் சொன்னார். எதையும் துலக்காதே, அன்றைக்கு எடுத்தபடியே போடு, சத்தத்தோடு போடு என்றார். போட்டேன். பச்சைப் புடவையை மட்டும் வெட்டி வெட்டிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முழுப் படம் ரொம்பப் பெரிதாக இருந்தது. கூடம் நிறைய ஜனம், மேளச் சத்தம், அதற்கு மேல் தெலுங்கிலும் தமிழிலும் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். நைனா முகத்தைத் திரையிலிருந்து விலக்கி, தலையைச் சாய்த்து, தானும் போயிருந்த அந்தக் கல்யாணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது மேளம் நிற்கும் என்றார், நின்றது. விளக்குத் தூக்குகிறவனை உன் பெரியப்பா திட்டுவார் என்றார், திட்டினார். பச்சைப் புடவை தாம்பாளத்தோடு கடந்தது. அதோ திரும்புகிறாள் அம்மா, பச்சைப் புடவை என்றேன்.

புடவையின் நிறத்தை நான் அதுவரை அவரிடம் சொன்னதே இல்லை. பச்சைப் புடவையா என்று கேட்டார். அது மாப்பிள்ளை வீட்டு ஆள் யாரோ என்றார். அக்கா சொன்னாள் என்றேன். அவள் மணப்பெண், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள், அவளுக்கு என்ன தெரியும் என்றார். அன்றைக்கு உன் அம்மா மாம்பழக் கலரில் கட்டியிருந்தாள், நான் எடுத்துக் கொடுத்த புடவை, வீடியோ விளக்கைக் கண்டால் அவளுக்குப் பயம் என்றார்.

இத்தனை நாள் நான் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்? அதற்குள் நைனா நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். காது எதையோ பிடித்திருந்தது, ஒரு கொலுசோ ஒரு இருமலோ, எனக்கு மேளம் மட்டும்தான் கேட்டது. அவர் கை நீண்டு திரையின் இடது ஓரத்தைத் தொட்டது.

“அதோ பாரு, வெளிச்சம் வருதுன்னு உள்ள ஓடறா. அதோ, அதோ போறா. தெரியுதாம்மா?”

அவர் விரல் இருந்த இடத்தில் ஒரு அறை வாசல் இருந்தது. வாசலில் ஒரு துணித் திரை தொங்கியது. ஆள் யாரும் இல்லை. துணி மட்டும், யாரோ அந்தக் கணம்தான் விலக்கிக்கொண்டு உள்ளே போன மாதிரி, அசைந்துகொண்டிருந்தது.

“ஆங், தெரியுது நைனா” என்றேன். “அம்மா அழகா இருக்குது.”

அவர் தலையாட்டினார். விரலை எடுக்கவில்லை.